மைலோ டின்னில் கிடந்த டிஸ்கெட்டுகள்

எங்கள் கடை மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்தில் இருக்கிறது. போட்டோஸ்டேட், லேமினேட், பாஸ்போர்ட் அளவுப் படம், பள்ளி திறக்கும் நேரத்தில் நோட்டுப் புத்தகம். அவ்வளவுதான் தொழில். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் லிந்தாங் பக்கமோ ஜாலோங் பக்கமோ ஏதாவது ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். நானும் லிந்தாங் சாலையில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவள்தான்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, என்னைவிடப் பத்து வயது மூத்த ஓர் அக்கா வந்தார். கைப்பையின் உள்ளறையில் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். கறுப்பு நிறம், அட்டை மாதிரி மெல்லிசு, ஒரு பக்கத்தில் தங்க நிறத் தகடு.

“இதுல எங்க வீட்டுக்காரரு படம் இருக்கு தங்கச்சி. ஈப்போவுல ரெண்டு கடைல கேட்டுட்டேன். இது என்னன்னே தெரியலங்கிறாங்க. நீ கழுவிக் குடுக்க முடியுமா?”

படத்தைக் கழுவுவது என்றுதான் நாங்கள் இன்னும் சொல்கிறோம். பிலிம் போய் எவ்வளவோ காலமாகியும் சொல் போகவில்லை. அந்தக் கார்டை எனக்கு நன்றாகத் தெரியும். ஸ்மார்ட்மீடியா, காமிராவில் படத்தைச் சேமிக்கும் மெமரி கார்டு. தோஷிபா 1995ல் கொண்டுவந்தது. 45 மில்லிமீட்டர் நீளம், 37 மில்லிமீட்டர் அகலம், கனம் 0.76 மில்லிமீட்டர்தான். வங்கி அட்டை எவ்வளவு கனமோ அவ்வளவு. ஒலிம்பஸ், ஃபூஜி காமிராக்கள் ஒரு காலத்தில் இதைத்தான் கேட்கும். எவ்வளவு பெரிய கார்டு வாங்கினாலும் 128 எம்பிக்கு மேல் கிடையாது. இன்றைக்கு ஒரு கைப்பேசி எடுக்கும் ஒரு நிமிட வீடியோகூட அதில் அடங்காமல் போகலாம்.

அக்காவை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். கார்டை வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். அவர் போக மனமில்லாமல் உட்கார்ந்தே இருந்தார். எனக்குப் புரிந்தது. நானும் அப்படி உட்கார்ந்திருந்தவள்.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1970களில் பட்டணத்து ஸ்டூடியோவில் எடுத்த எங்கள் தாத்தா பாட்டி படம் இன்னும் சுவரில் தொங்குகிறது. நெகட்டிவ்வும் இருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் போதும், தாத்தாவின் மீசை தெரியும். எந்த மெஷினும் வேண்டாம். இந்தப் பக்கம், நல்ல காமிரா வைத்த கைப்பேசி வந்த பிறகு எடுத்தவை ஒன்றுக்குப் பத்தாக எங்கேயாவது இருக்கின்றன. நடுவில் ஒரு பத்து வருஷம், ஏறக்குறைய 1998 முதல் 2008 வரை எடுத்த படங்கள்தான் இல்லாமல் போகின்றன. பிலிம் வாங்குவதை நிறுத்திவிட்டோம், எடுத்ததைக் காகிதத்தில் போடவும் இல்லை, “கம்ப்யூட்டர்ல இருக்கு” என்று சொல்லிக்கொண்டோம். எங்கள் பக்கத்துத் தோட்டங்கள் காலியானதும் அதே பத்து வருஷத்தில்தான். ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை (எண்ணெய்ப் பனை) போட்டார்கள், ஆள் குறைந்தது, லயம் லயமாகப் பட்டணத்துக்கு இறங்கினோம். எங்கள் லயத்தை 2004ல் இடித்தார்கள். கடைசித் தீமிதி, கடைசிப் பெரட்டு (காலையில் வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் கூட்டம்), மாரியம்மன் கோயிலை இடம் மாற்றிய நாள், எல்லாமே இந்த மாதிரி ஒரு கார்டிலோ டிஸ்கெட்டிலோதான் (ஃபிளாப்பி) இருக்கின்றன. எல்லாரும் சேர்ந்து வாழ்ந்த கடைசி நாட்களின் படம், படிக்க முடியாத பொருளுக்குள் கிடக்கிறது. எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

எங்கள் வீட்டுக் கதை டிஸ்கெட்டில் ஆரம்பிக்கிறது.

அண்ணன் பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்தார். 1999 கடைசியில், ரிங்கிட்டை டாலருக்கு 3.80 என்று கட்டி வைத்திருந்த சமயம், மேற்பார்வையாளர் ஒருவரிடமிருந்து பழைய காமிரா ஒன்றைத் தவணைக்கு வாங்கி வந்தார். சோனி மாவிகா, எஃப்டி73. பார்த்தால் காமிரா மாதிரியே இருக்காது. மைலோ பாக்கெட் பருமனுக்கு ஒரு பெட்டி. பக்கவாட்டில் கதவைத் திறந்து மூன்றரை அங்குல டிஸ்கெட்டைச் செருக வேண்டும். ஆபீஸ் கிராணி (எழுத்தர்) மேசையில் இருந்த அதே டிஸ்கெட். சோனி 1997ல் இந்த வகையைக் கொண்டுவந்தபோது யோசனை எளிமையானது. கேபிள் வேண்டாம், சாஃப்ட்வேர் வேண்டாம், டிஸ்கெட்டை எடுத்து எந்தக் கம்ப்யூட்டரில் போட்டாலும் படம் வரும். அந்தக் காலத்தில் மற்ற காமிராக்களை சீரியல் கேபிளில் மாட்டிவிட்டு, படம் இறங்கி முடிவதற்குள் ஒரு தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) குடித்துவிட்டு வரலாம். அதனால் மாவிகா நன்றாக விற்றது. இன்றைக்கும் அதை நான் மதிக்கிறேன். சாதாரண மனுஷனின் மேசையில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் செய்த காமிரா.

ஒரு டிஸ்கெட்டில் 1.44 எம்பி. நல்ல தரத்தில் வைத்தால் பதினைந்து, இருபது படம். படத்தின் அளவு 640க்கு 480 புள்ளி. பட்டனை அழுத்தினால் உள்ளே டிஸ்கெட் கிர்ரென்று சுற்றும், எழுதி முடிக்கும் வரை அடுத்த படம் எடுக்க முடியாது. 2000ஆம் ஆண்டு தீமிதி அன்று அண்ணன் சட்டைப் பையில் டிஸ்கெட்டுகளை அடுக்கிக்கொண்டு பூக்குழிப் பக்கம் நின்றது எனக்கு நினைவிருக்கிறது. ஒருவர் இறங்கி ஏறுவதற்குள் ஒரு படம். அடுத்தவர் ஏறும்போதும் காமிரா எழுதிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் நின்ற சின்னப் பிள்ளைகள் அந்தச் சத்தத்தைக் கேட்கவே காமிராவில் காதை வைப்பார்கள். ஒவ்வொரு டிஸ்கெட்டிலும் அண்ணன் பால்பாயிண்ட் பேனாவால் எழுதுவார். “தீமிதி 3”, “பெரட்டு”, “பள்ளி விளையாட்டு”. எல்லாம் ஒரு பெரிய மைலோ டின்னில் போய்ச் சேரும்.

அப்பா 2001ல் தவறிப்போனார். 2004ல் வீடு மாறினோம். டின் அம்மாவின் அலமாரி அடியில் போனது. கம்ப்யூட்டர்களில் டிஸ்கெட் டிரைவ் வருவது நின்றது. சோனியே 2011 மார்ச்சில் ஜப்பானில் டிஸ்கெட் விற்பதை நிறுத்தியது. அப்போது கடையில் பேப்பர் அடுக்கிக்கொண்டிருந்த நான் அந்தச் செய்தியைப் படித்ததோடு சரி. டின் ஞாபகம் வரவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் அம்மாவின் அலமாரியைக் கறையான் பிடித்ததால் எல்லாவற்றையும் வெளியே எடுத்தோம். அப்போதுதான் டின் வந்தது. 31 டிஸ்கெட்டுகள். யூஎஸ்பியில் மாட்டும் டிஸ்கெட் டிரைவ் ஒன்றை இணையத்தில் வாங்கினேன். அவை இன்னும் கிடைக்கின்றன.

இங்கேதான் நான் ஒரு தவறு செய்தேன். இதைப் படிக்கிற யாரும் அதைச் செய்யக் கூடாது என்பதால் விவரமாகச் சொல்கிறேன்.

நம் ஊர் ஈரப்பதம் உங்களுக்குத் தெரியும். தோல் செருப்பை ஒரு மாதம் மூலையில் விட்டால் பச்சை பூக்கும். டிஸ்கெட்டுக்குள் இருக்கும் வட்டமான பிலிமிலும் அதே பூஞ்சைதான். உலோகக் கதவை விரலால் தள்ளிப் பார்த்தால் கறுப்புப் பரப்பில் வெள்ளைப் புள்ளிகள், சில இடத்தில் கோலம் மாதிரிப் படர்ந்திருக்கும். நான் தள்ளிப் பார்க்கவில்லை. ஆவலில் மேலே இருந்த டிஸ்கெட்டை எடுத்து அப்படியே செருகிவிட்டேன். டிரைவ் ஒரு மாதிரி கீச்சென்று கத்தியது. ஒன்றும் படிக்கவில்லை. சரி, இது போய்விட்டது என்று எடுத்துவிட்டு அடுத்ததைச் செருகினேன். அதன்மேல் “பொங்கல் 2000 அப்பா” என்று எழுதியிருந்தது.

கேசட் ரெக்கார்டரில் ஹெட் அழுக்கானால் பாட்டு மழுங்கிக் கேட்கும், நினைவிருக்கிறதா? டிஸ்கெட் டிரைவிலும் ஹெட் உண்டு. அது பரப்பைத் தொட்டுக்கொண்டே ஓடும். முதல் டிஸ்கெட்டின் பூஞ்சை ஹெட்டில் ஒட்டிக்கொண்டு, இரண்டாவது டிஸ்கெட்டின் காந்தப் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டது. வெளியே எடுத்துக் கதவைத் தள்ளிப் பார்த்தேன். பளிச்சென்று வளையம் வளையமாகக் கோடு. அதில் இருந்தது அப்பாவின் பொங்கல் படங்கள். அன்று இரவு நான் யாரோடும் பேசவில்லை.

அண்ணன் மகன் ஈப்போவில் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். மறுவாரம் வந்தான். “அத்தை, முதல்ல இனிமே எதையும் செருகாதீங்க,” என்றான். பிறகு நாங்கள் இருவரும் உட்கார்ந்து செய்த முறை இதுதான். டிஸ்கெட்டின் கதவைக் கழற்றி, மெல்லிய கத்தியால் உறையின் விளிம்பை நெம்பித் திறந்து, வட்டப் பிலிமை விளிம்பில் மட்டும் பிடித்து வெளியே எடுக்க வேண்டும். ஐசோபுரோப்பில் ஆல்கஹால் மருந்துக் கடையில் கிடைக்கும். பஞ்சில் நனைத்து, அழுத்தாமல், இரண்டு பக்கமும் துடைக்க வேண்டும். நிழலில் காய வேண்டும். வெயிலில் வைத்தால் பிலிம் வளைந்துவிடும். காய்ந்த பிறகு சுத்தமான வேறொரு டிஸ்கெட்டின் உறைக்குள் வைத்து மூடிப் படிக்க வேண்டும். ஒவ்வொரு டிஸ்கெட்டுக்குப் பிறகும் டிரைவின் ஹெட்டையும் துடைக்க வேண்டும். அந்த அக்கா சொன்ன சொல்தான் சரி. நாங்கள் உண்மையிலேயே படத்தைக் கழுவினோம்.

படிப்பதற்கு அவன் லினக்ஸில் டிடிரெஸ்கியூ என்ற நிரலைப் பயன்படுத்தினான். விண்டோஸ் ஒரு இடத்தில் தடுக்கினால் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். இது நல்ல இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வந்து மறுபடி மறுபடி முயலும். 31ல் 19 முழுசாக வந்தன. 8 அரைகுறை. 4 இன்னும் திறக்கவில்லை, நேரம் கிடைக்கவில்லை.

“பொங்கல் 2000 அப்பா” அரைகுறையில் ஒன்று. படங்களின் மேல்பகுதி தெரிகிறது. லயத்துக் கூரை, மேலே கட்டிய கரும்பு, அதற்குக் கீழே சாம்பல் நிறம். ஒரு படம் எழுபது கேபி இருந்தால் டிஸ்கெட்டில் ஏழெட்டுத் தடங்களில் (வட்ட வட்டமாக எழுதப்படும் வரிகள்) நீண்டு கிடக்கும். நடுவில் ஒரு தடம் சுரண்டுப்பட்டாலும் அதற்குக் கீழே உள்ளது குலைந்துவிடுகிறது. அப்பா எப்போதும் வாசல் திண்ணையில், படத்தின் கீழ்ப்பகுதியில் உட்கார்ந்திருப்பார்.

அப்புறம் அவன் ஒன்றைக் கண்டுபிடித்தான். மாவிகா ஒவ்வொரு படத்தோடும் .411 என்று முடியும் ஒரு குட்டிக் கோப்பையும் எழுதி வைக்கும். காமிராவின் திரையில் சின்னச் சின்னப் படங்களாக வரிசையாகக் காட்டுவதற்கு. அகலம் 64 புள்ளி, உயரம் 48 புள்ளி. எல்லாக் கோப்பும் சரியாக 4,608 பைட். டிஸ்கெட்டின் ஒரு தடத்தில் ஒரு பக்கத்துக்கு 18 பகுதிகள், ஒவ்வொன்றும் 512 பைட். அப்படியானால் இந்தக் குட்டிக் கோப்புக்கு 9 பகுதி போதும், பாதித் தடம். பெரிய படத்துக்குக் கிடைக்காத அதிர்ஷ்டம் இதற்குக் கிடைத்தது. சுரண்டிய வளையங்களுக்கு நடுவில் முழுசாக உட்கார்ந்திருந்தது. அந்தக் கோப்புக்குள் நான்கு புள்ளிக்கு நான்கு வெளிச்ச எண், பிறகு அந்த நான்குக்கும் பொதுவாக இரண்டு நிற எண். அதைப் பிரித்துப் படமாக்க அவன் இருபது வரிக்குள் ஒரு நிரல் எழுதினான்.

அப்பா வந்தார். நீலச் சட்டை. திண்ணையில் கால் மடக்கி உட்கார்ந்திருக்கிறார். முகம் ஏழெட்டுப் புள்ளிதான் இருக்கும். கண், மூக்கு என்று தனியாகப் பிரிக்க முடியாது. ஆனால் தலை சாய்ந்திருக்கும் விதம் அவருடையது. பின்னால் சுவரில் குதிரைக் காலண்டர் வெள்ளைக் கட்டமாகத் தெரிகிறது. அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, “சட்டை நான் தைச்சது,” என்றார். பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைகிறது. அதனால் தபால்தலை அளவுக்கு அச்சடித்துக் கொடுத்தேன். வெற்றிலைப் பெட்டியில் வைத்திருக்கிறார்.

அந்த டிஸ்கெட்டிலிருந்துதான் இந்தப் பழைய கார்டுகளை எல்லாம் நான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். கடைக்கு வருகிறவற்றில் எதற்கு எவ்வளவு பாடு என்று இப்போது ஓரளவு சொல்ல முடியும்.

காம்பேக்ட் ஃபிளாஷ், தடிமனான சதுரக் கார்டு, 1994ல் சான்டிஸ்க் கொண்டுவந்தது. கவலை வேண்டாம். கார்டை நிர்வகிக்கும் மூளை கார்டுக்குள்ளேயே இருக்கிறது, ரீடரும் இன்னும் புதிதாக விற்கிறது. அதே வடிவில் ஐபிஎம் 1999ல் மைக்ரோடிரைவ் என்று ஒன்றைச் செய்தது. ஓர் அங்குலத் தட்டு உள்ளே சுழலும் நிஜமான ஹார்டிஸ்க். யாராவது வைத்திருந்தால் கீழே போடாதீர்கள், அவ்வளவுதான். சோனியின் மெமரி ஸ்டிக் நீளமாக, சூயிங்கம் மாதிரி இருக்கும். அதற்குப் பழைய பலவகை ரீடர்களில் துளை உண்டு. எஸ்டி கார்டு பழசானாலும் புதிய ரீடர் படிக்கும். ஆனால் 2003ல் வாங்கிய காமிராவுக்குள் இன்றைய 32 ஜிபி கார்டைப் போட்டால் அது ஏற்காது. 2 ஜிபிக்குள் தேட வேண்டும்.

எக்ஸ்டி கார்டு, ஒலிம்பஸும் ஃபூஜியும் 2002ல் ஸ்மார்ட்மீடியாவுக்குப் பதிலாகக் கொண்டுவந்தது. நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. அதையும் சில வருஷத்தில் விட்டுவிட்டு அவர்களும் எஸ்டிக்கே போனார்கள்.

சிடியைப் பற்றிக் கசப்போடுதான் எழுத முடிகிறது. என் கல்யாணப் படங்களை 2003ல் ஒரு ஸ்டூடியோவில் சிடியில் பதிந்து கொடுத்துவிட்டு, எல்லாம் பத்திரமாக இருக்கும் என்றார்கள். நாங்களும் வேறு பிரதி எடுக்கவில்லை. எட்டு வருஷத்தில் ஓரத்திலிருந்து வெளுத்துவிட்டது. நலங்குப் படம் ஒன்றுகூட இல்லை.

சரி, அக்காவின் கார்டுக்கு வருகிறேன். ஸ்மார்ட்மீடியாவில் சிரமம் என்னவென்றால் அதற்குள் மூளை கிடையாது. வெறும் நினைவகச் சில்லு, மேலே தங்கத் தகடு. எந்தப் படம் எந்த இடத்தில் இருக்கிறது, எந்த இடம் கெட்டுப்போயிருக்கிறது என்று கணக்குப் பார்ப்பதெல்லாம் காமிராவின் வேலை. மலிவாகவும் மெல்லிசாகவும் செய்ய அதுதான் வழியாக இருந்தது. அதனால் ரீடருக்கும் அந்தக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும், இப்போது வரும் ரீடர்களுக்குத் தெரியாது. கம்ப்யூட்டரில் செருகும்போது “ஃபார்மேட் செய்யவா?” என்று கேட்டால் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தத் தங்கத் தகட்டையும் விரலால் தொடாதீர்கள். வியர்வை போதும் அதைக் கெடுக்க. ஒரு காலத்தில் டிஸ்கெட் வடிவத்திலேயே ஃபிளாஷ்பாத் என்று ஓர் உறை வந்தது. ஸ்மார்ட்மீடியாவை அதற்குள் செருகி, உறையை டிஸ்கெட் டிரைவில் போட வேண்டும். உள்ளே பொத்தான் பேட்டரி இருக்கும். அதற்கும் தனி நிரல் வேண்டும், பழைய விண்டோஸ் வேண்டும்.

என்னிடம் 2004 வாக்கில் வாங்கிய பலவகை ரீடர் ஒன்று, விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரோடு, கடையின் பின்னறையில் இருக்கிறது. அழிப்பானால் தகட்டை மெதுவாகத் துடைத்துவிட்டுச் செருகினேன். முதல் முறை ஒன்றும் வரவில்லை. மூன்றாம் முறை 41 படங்கள் வந்தன. செம்பனைக் குலை ஏற்றிய டிராக்டரின் மட்கார்டில் அவர் கணவர் உட்கார்ந்திருந்தார். பெரட்டுக் களத்தில் அறுபது பேர் வரிசையாக நின்ற படம் ஒன்று இருந்தது. அதில் என் சின்னம்மாவும் இருந்தார். அக்கா ஒவ்வொருவராக விரல் வைத்துப் பெயர் சொல்லிக்கொண்டு போனார், நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். மதியச் சாப்பாட்டுக்குக் கடையை மூடவில்லை.

எல்லாவற்றையும் நாலு ஆர் அளவில் அச்சடித்தும், இரண்டு பென்டிரைவில் போட்டும் கொடுத்தேன். ஒன்று அவருக்கு, ஒன்று கோலாலம்பூரில் இருக்கும் மகளுக்கு.

இப்போது எனக்கு ஓர் உதவி வேண்டும். எங்கள் தோட்டத்துக் கிராணியின் குடும்பம் இன்னொரு ஸ்மார்ட்மீடியாவை என்னிடம் கொடுத்திருக்கிறது. 2 எம்பி. தகடு நம்மைப் பார்க்க, வெட்டிய மூலை மேலே இருக்கும்படி பிடித்தால் சாதாரணமாக வலது மூலை வெட்டுப்பட்டிருக்கும், அது 3.3 வோல்ட். இதில் இடது மூலை. இது ஆரம்ப கால 5 வோல்ட் கார்டு, என் ரீடரில் போட முடியாது. ரப்பர் ஷீட் புகை போடும் ஸ்டோரை இடிப்பதற்கு முன் எடுத்த படங்கள் அதில் இருப்பதாகச் சொல்கிறார்கள். அந்த ஸ்டோரின் படம் வேறு யாரிடமும் இல்லை. இந்தக் கார்டைப் படிக்க 1996, 97 வாக்கில் வந்த ஃபூஜி காமிராவோ, ஆப்பிள் குவிக்டேக் 200ஓ, வேலை செய்யும் நிலையில் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். நானே வந்து வாங்கிப் போகிறேன், தைப்பிங் ஆனாலும் தெலுக் இந்தான் ஆனாலும். கடை காலை ஒன்பதுக்குத் திறக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை இருப்போம்.